மண்டபத்தூர்க் கரையில் என்னை ஏலம் விட்டது ஏன்

மண்டபத்தூர் கடற்கரையில் என்னை ஏலம் விட்டது உண்மைதான். நான் மறுக்கவில்லை. அந்த வீடியோ இப்போது காரைக்காலில் பாதிப் பேர் போனில் இருக்கிறது. மணலில் ஒரு மீன் கூடைக்குப் பக்கத்தில் நான் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பேன். மடியில் கரண்ட் பார்க்கும் மீட்டர். சுற்றி நிற்கிற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். "ஐம்பது ரூபாய்க்குப் போனீங்களாமே" என்று பஸ் ஸ்டாண்டில் ஆட்டோக்காரர் வரைக்கும் கேட்கிறார்கள். ஐம்பது என்பது தப்பு. சரியான தொகையை அந்த இடம் வரும்போது சொல்கிறேன். ஆனால் ஏன் ஏலம் விட்டார்கள் என்று இதுவரை ஒருத்தர் கேட்கவில்லை.

நம் ஊர் எலெக்ட்ரானிக்ஸ் சர்வீஸ் சங்கத்துத் தம்பிகள் இரண்டு பேர் ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று வீட்டுக்கு வந்தார்கள். "உங்க தொழில் அனுபவத்தை எழுதுங்கய்யா" என்றார்கள். இதையே எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். மற்ற அனுபவமெல்லாம் இதற்குள் தானாக வந்துவிடும்.

நான் சுரக்குடிக்காரன். ஏழாம் வகுப்பு வரை படித்தேன். ஏழாம் வகுப்பில் தேறினேனா என்று யாரும் கேட்க வேண்டாம். காரைக்காலுக்கு வந்து ஒரு ரேடியோ கடையில் கூட்டிப் பெருக்கச் சேர்ந்தேன். பத்து வருடத்தில் சொந்தக் கடை போட்டேன், நாற்பது வருடம் நடத்தினேன். வால்வு ரேடியோ, டிரான்சிஸ்டர், டேப்ரிக்கார்டர், கறுப்பு வெள்ளை டிவி, கலர் டிவி, படகுகளின் வயர்லெஸ், கடலுக்கடியில் மீன் கூட்டம் காட்டும் கருவி, கடைசியில் செல்போன். எல்லாம் இந்தக் கை பார்த்ததுதான். இங்கிலீஷ் எழுத்து எனக்கு இன்றைக்கும் படம் மாதிரிதான் தெரியும். ஆனால் ஒரு சர்க்யூட் படத்தை விரித்து வைத்தால் எந்த வழியில் கரண்ட் போகிறது, எங்கே மறிக்கிறது என்று விரலை வைத்துக் காட்டுவேன். பெரிய படிப்புப் படித்தவர்கள் 'இது தேறாது' என்று திருப்பி அனுப்பிய செட்டுகள் என் கடையில் பாடியிருக்கின்றன. இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கம் கிடையாது. நான் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்லப்போகிறார்கள்?

எனக்குத் தொழில் கொடுத்தவர் செபஸ்தியான் மாஸ்டர். அந்த ரேடியோ கடைக்கு முதலாளி அவர். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிக்னல் பிரிவில் இருந்துவிட்டு, ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு, வீட்டில் பொழுது போகாமல் கடை வைத்தவர். வெள்ளைச் சட்டை, கழுத்துப் பட்டன் வரை போட்டிருப்பார். வேலையாளைத் திட்டமாட்டார். என் கை வேகமாகப் போனால் "துஸ்மான், துஸ்மான்" என்பார். பிரெஞ்சில் 'மெதுவாக' என்று அர்த்தமாம். அதற்குப் பிறகும் வேகமாகப் போனால் என் கையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை வாங்கித் தன் சட்டைப் பையில் சொருகிக்கொண்டு டீக்கடைக்குப் போய்விடுவார். அவர் திரும்பி வரும்வரை நான் வெறும் கையோடு உட்கார்ந்திருக்க வேண்டும். அந்த அவமானத்துக்குப் பதில் நாலு அறை வாங்கலாம்.

செட்டைக் கொண்டு வருகிறவரிடம் மூன்று கேள்வி கேட்டு, ஒரு சீட்டில் எழுதி, செட்டின் மேல் ஒட்டிய பிறகுதான் அதைத் திறக்கலாம் என்பது அவர் கடைச் சட்டம். எப்போது நின்றது? எங்கே வைத்திருந்தீர்கள்? அப்போது கூட வேறு என்ன ஓடிக்கொண்டிருந்தது? முதல் இரண்டுக்கும் யாரும் பதில் சொல்லிவிடுவார்கள். மூன்றாவதைக் கேட்டால் "கூட என்னங்க ஓடும்? ஒண்ணும் ஓடல" என்பார்கள். மாஸ்டர் விடமாட்டார். யோசிச்சுப் பாருங்க என்று நாற்காலி போட்டு உட்கார வைத்துவிடுவார்.

ஒருமுறை திருநள்ளாறு பக்கம் ரைஸ் மில் வைத்திருந்த ஒருவர் டிவியைக் கொண்டு வந்தார். படம் சுருங்குகிறது என்றார். கடையில் போட்டால் படம் கண்ணாடி மாதிரி நின்றது. எடுத்துப் போனார், மறுவாரம் திரும்ப வந்தார். மூன்று முறை இப்படி. நாலாவது முறை மாஸ்டர் டிவியைத் திறக்கவே இல்லை. என்னையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி அவர் வீட்டுக்கே போனார். கூடத்தில் டிவியைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்து மோர் குடித்தார். பத்து மணிக்கு ஒன்றும் இல்லை. பதினோரு மணிக்குப் பக்கத்துக் கொட்டகையில் மில் மோட்டாரைப் போட்டார்கள். படம் நாலு பக்கமும் உள்ளே இழுத்துக்கொண்டது. மோட்டாரும் வீடும் ஒரே லைனில் இருந்தன. மோட்டார் இழுத்த இழுப்பில் டிவிக்குக் கரண்ட் பற்றவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மாஸ்டர் சொன்னார்: "செட்டு கடைக்கு வந்தா நல்ல பிள்ளையாயிடும்டா. அது குடித்தனம் நடத்துற எடத்துல போயிப் பாரு."

இதை நான் நூறு பேரிடம் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன். அதையே நான் மறந்துபோன கதையைத்தான் இனிச் சொல்லப்போகிறேன்.

கடையை மூடி மூன்று வருடம் ஆனபின் ஒரு திங்கட்கிழமை, எங்கள் தெருவுக்கு மீன் கொண்டு வரும் அஞ்சலை, கூடையை இறக்காமல் வாசலில் நின்றாள். பின்னால் அவளுடைய அண்ணன் வேலாயுதம். மண்டபத்தூர் கரையில் ஏலம் கூறுகிறவர். எனக்கு அவரை ரொம்ப நாளாகத் தெரியும். படகு வயர்லெஸ் பார்க்கப் போகும்போதெல்லாம் அவர் குரல் சாலைக்கே கேட்கும். இப்போது கழுத்தில் துண்டு சுற்றியிருந்தார். தொண்டையில் கட்டி வந்து, ஆபரேஷன் செய்து, குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். காற்று வரும், சத்தம் வராது.

அஞ்சலை ஒரு பிளாஸ்டிக் டிபன் டப்பாவை என் மேஜையில் வைத்தாள். "அண்ணே, இதுதான் எங்க அண்ணன் வாயி. பாத்து வச்சுக் குடுங்க" என்றாள்.

டப்பாவுக்குள் சீட்டுக்கட்டு அளவில் ஒரு பச்சைப் பலகையும், அதோடு கோத்த ஒரு பெரிய ஸ்பீக்கரும் இருந்தன. அந்த ஒரு பலகைதான் முழுக் கம்ப்யூட்டர். வேலாயுதத்தின் மகள் கலையரசி பிரான்சில் இருக்கிறாள். அங்கே வாங்கியது. ஆபரேஷனுக்கு ஒரு வாரம் முன்னால் அந்தப் பெண் ஊருக்கு வந்து, அப்பா கரையில் ஏலம் கூறியதை அப்படியே பதிவு செய்திருக்கிறாள். மீன் பெயர்கள், எண்கள், ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம் எல்லாவற்றையும் வெட்டித் தனித்தனியாக இந்தப் பலகையில் ஏற்றி, கணக்குப் போடுகிற மாதிரி எண் பட்டன்கள் உள்ள ஒரு சின்னக் கீபோர்டைக் கோத்துக் கொடுத்திருக்கிறாள். பட்டனைத் தட்டினால் வேலாயுதத்தின் குரலே பேசும்.

கேட்டதும் எனக்குப் புல்லரித்துவிட்டது. பிறகுதான் கோளாறு என்ன என்று கேட்டேன்.

ஒரு தரம் சொல்கிறது. ரெண்டு தரம் சொல்கிறது. மூணு என்று வாயெடுக்கும்போது செத்துவிடுகிறது. பெட்டி முழுவதும் அணைந்து, மறுபடி உயிர் வர ஒரு நிமிடம் ஆகிறது. கரையில் மட்டும்தான் இப்படி. வீட்டில் நூறு தரம் போட்டாலும் மூணாவது தரம் ஒழுங்காகக் கேட்கிறது.

கரை வழக்கம் தெரியாதவர்களுக்கு இது ஒரு நிமிடத் தாமதம். தெரிந்தவர்களுக்கு அப்படியில்லை. மூணாவது தரம் காதில் விழும்வரை கூடை யாருக்கும் சொந்தமில்லை. யார் வேண்டுமானாலும் கூட்டிக் கேட்கலாம். முதல் தரம் சொன்ன குரல்தான் மூணாவது தரமும் சொல்ல வேண்டும். இடையில் இன்னொருத்தர் வாயால் முடித்தால் செல்லாது. கையைக் காட்டினாலும் செல்லாது. முதல் வாரத்திலேயே ஒரு கூடை வஞ்சிரத்துக்கு ரெண்டு தரம் ஆகிப் பெட்டி நின்றிருக்கிறது. அந்த இடைவெளியில் வேறொரு வியாபாரி விலையை ஏற்றிக் கேட்டுவிட்டார். முதலில் கேட்டவர் கூடையைப் பிடித்துக்கொண்டார். ஐஸ் கரைகிற வரைக்கும் சண்டை. ஊர்த் தலைவர் நல்ல மனிதர், வேலாயுதத்துக்காக இரண்டு வாரம் பொறுத்தார். கடைசியில், வெள்ளிக்கிழமை வரை பார்ப்போம், அன்றைக்கும் நின்றால் ஏலத்துக்கு வேறு ஆள் வைப்போம் என்று சொல்லிவிட்டார்.

வேலாயுதம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நாளைக்குச் சாயங்காலம் வந்து எடுத்துக்கிட்டுப் போங்க." சீட்டு எழுதவில்லை. மூன்று கேள்வியும் கேட்கவில்லை. ஐம்பது வருடத்துக் கை என்ற திமிர்.

அவர்கள் போனதும் டப்பாவிலிருந்து பலகையை எடுத்து என் மேஜையில் வைத்தேன். என்னுடைய நல்ல பவர் சப்ளையில், என்னுடைய தடித்த வயரில் கோத்தேன். கலையரசி போனில் முகம் காட்டிப் பேசினாள். குளிர் நாட்டில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, நம் ஊர்ப் பேச்சு கொஞ்சமும் மாறாமல்.

"மாமா, செவப்பு லைட்டு நெலையா எரியுதா? அது கரண்டுக்கு. பச்ச லைட்டு விட்டு விட்டு எரியணும். அது மெமரி கார்டைப் படிக்கிறதுக்கு."

இரண்டும் எரிந்தன. நான் சத்தத்தைப் பாதியாக வைத்துத் தட்டினேன். மூணு தரம் நிற்காமல் வந்தது. பக்கத்து வீட்டம்மாள் யார் வீட்டில் மீன் ஏலம் என்று எட்டிப் பார்த்தாள்.

நான் யோசித்தேன். ஒரே இடத்தில் நிற்கிறது என்றால், மூணாவது தரம் எழுதியிருக்கிற இடத்தில் கார்டு பழுது. டேப்பில் ஒரு இடம் நைந்திருந்தால் அங்கே மட்டும் பாட்டு இழுக்குமே, அதுபோல. புதுக் கார்டு வாங்கி எல்லாவற்றையும் மறுபடி ஏற்றிவிட்டால் தீர்ந்தது. கலையரசியிடம் சொன்னேன். அந்தப் பெண் கொஞ்சம் தயங்கினாள்.

"மாமா, கார்டு கெட்டிருந்தா வீட்லயும் நிக்கணுமே?"

"பிரான்சுல உக்காந்துக்கிட்டுச் சொல்லாதம்மா. நான் நீ பொறக்கறதுக்கு முன்னாடியிலேருந்து இந்தத் தொழில்ல இருக்கேன்" என்றேன்.

அவள் எல்லாவற்றையும் மறுபடி அனுப்பினாள். மகனுடைய லேப்டாப்பை வைத்துக்கொண்டு, அவள் சொன்ன இங்கிலீஷ் எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படம் பார்த்துத் தட்டி, ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து புதுக் கார்டில் ஏற்றினேன். எழுபது வயதில் அதைச் செய்தேன். அதில் ஒரு தப்பும் இல்லை. தப்பு வேறு இடத்தில் இருந்தது.

புதன்கிழமை காலை நானே மண்டபத்தூருக்குப் போனேன். வேலை முடிந்ததைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை. உண்மையைச் சொன்னால், நாலு பேர் பார்க்க வேண்டும் என்ற ஆசை. படகுகள் வந்துவிட்டன. முதல் கூடை சங்கரா. வேலாயுதம் டப்பாவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பட்டனைத் தட்டினார். அவர் குரல் கடல் காற்றை மீறி எழும்பியது. வியாபாரிகள் கேட்டார்கள், ஏற்றினார்கள், நின்றார்கள். ஒரு தரம். ரெண்டு தரம். மூ என்ற இடத்தில் குரல் அறுந்தது.

யாரோ ஒரு வியாபாரி சொன்னார்: "மெக்கானிக்கரு ரெண்டு தரத்துக்குத்தான் ரிப்பேர் பண்ணியிருக்காரு போல."

எல்லோரும் சிரித்தார்கள். வேலாயுதம் சிரிக்கவில்லை, என்னைப் பார்க்கவும் இல்லை. துண்டு முனையால் டப்பா மூடியைத் துடைத்துக்கொண்டே நின்றார். அது ஈரமாகக்கூட இல்லை. தலைவர் அவர் தோளைத் தொட்டு, "வெள்ளிக்கிழமை கடைசி, வேலாயுதம். எனக்கும் ஊருக்குப் பதில் சொல்லணும்ல" என்றார்.

பெட்டியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். வழியில் டீ கூட குடிக்கவில்லை. மாஸ்டர் இருந்திருந்தால் என் ஸ்க்ரூ டிரைவரை வாங்கிப் பையில் போட்டிருப்பார்.

ஒரு சீட்டை எடுத்தேன். எப்போது நின்றது? மூணாவது தரத்தில். எங்கே? கரையில். கூட என்ன ஓடியது? அந்த இடம் வெறுமையாக இருந்தது. கலையரசிக்குப் போன் போட்டேன்.

"அன்னைக்கு நீ சொன்னது சரிம்மா. கார்டு இல்ல. நீ வாங்கினப்ப பெட்டியில கூட என்னென்ன இருந்துச்சு, ஒண்ணு விடாம சொல்லு."

அவள் சொல்லச் சொல்ல எழுதினேன். ஒரு சார்ஜர். சார்ஜரிலிருந்து பலகைக்கு வரும் தடித்த வயர், முழம் நீளம். உள்ளங்கை அளவு ஸ்பீக்கர். என் முன்னால் இருந்த டப்பாவில் இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை.

அடுத்து அஞ்சலையை உட்கார வைத்துக் கேட்டேன். சார்ஜருடைய இரண்டு உருண்டைக் கம்பியும் நம் ஊர் ப்ளக்கில் நிற்காமல் கழன்று கழன்று விழுந்ததால் பீரோவில் வைத்துவிட்டார்களாம். கரையில் ஏது ப்ளக் என்று பவர் பேங்க் வாங்கியிருக்கிறார்கள். மீன் தண்ணீர் படாமல் அதை இடுப்பில் சொருகிக்கொள்ள வசதியாகப் பஸ் ஸ்டாண்டில் இரண்டு மீட்டர் நீளத்தில் போன் சார்ஜ் வயர் ஒன்று வாங்கிக் கோத்திருக்கிறார்கள்.

"ஸ்பீக்கர் என்னாச்சு?"

"அது கொசு கத்துற மாதிரி இருந்துச்சுண்ணே. காத்துல என்னா கேக்கும்? பெரிசா ஒண்ணு வாங்கி, அதுக்கொரு ஆம்பிளிபயரும் வச்சு மாட்டுனோம்."

"வீட்டுல போட்டுப் பாத்தப்ப இவ்வளவு சத்தமாவா வச்சீங்க?"

"வீட்டுல எப்படிண்ணே? தொட்டில்ல பிள்ள தூங்குது."

மூன்றாவது கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. கூட ஓடியது அந்தப் பெரிய ஸ்பீக்கர். அதுவும் அதே பலகையிலிருந்து, அதே ஒல்லி வயர் வழியாக வரும் கரண்டைத்தான் குடிக்கிறது. வேலாயுதம் மூணாவது தரத்தை எப்படிச் சொல்வார் என்று கரையில் நின்றவர்களுக்குத் தெரியும். முதல் இரண்டும் பேச்சு. மூணாவது அடிவயிற்றிலிருந்து வரும், இழுத்து, ஊருக்கே தெரியும்படி. அந்த மூச்சு அப்படியே பதிவாகியிருக்கிறது. ஸ்பீக்கர் அங்கேதான் அதிகம் இழுக்கிறது. ரைஸ் மில் மோட்டார் இழுத்தது போல. நானோ என் மேஜையில் என் சப்ளை, என் வயர், பாதிச் சத்தம் வைத்துப் பார்த்துவிட்டு நல்ல பிள்ளை என்று சான்று கொடுத்திருக்கிறேன்.

இது சந்தேகம்தான், நிரூபணம் இல்லை. அளந்து பார்க்காமல் இன்னொரு தரம் வாயைக் கொடுக்க நான் தயாராக இல்லை. அளக்க வேண்டுமானால் கரையில், முழுச் சத்தத்தில், அவர்கள் வயரோடு பெட்டி சாக வேண்டும். அது உண்மையான ஏலத்தில் செத்தால் வேலாயுதத்தின் பிழைப்பும் அதோடு போகும். ஆகவே வியாழக்கிழமை ஏலம் முடிந்து வியாபாரிகள் வண்டி ஏறிய பிறகு வருகிறேன், ஒரு காலிக் கூடையை வைத்து ஏலம் கூறிப் பார்ப்போம் என்று சொல்லி அனுப்பினேன்.

அன்றைய ஏலத்தைத் தலைவரே பெயருக்கு நடத்தி முடித்திருந்தார். நான் போகும்போது பத்து மணி வெயில். அஞ்சலையோடு மீன்காரப் பெண்கள் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். வேலாயுதம் டப்பாவை மாட்டிக்கொண்டார். நான் கூடையை இழுத்துப் போட்டேன். உடனே ஒரு அம்மாள் கையை நீட்டித் தடுத்தார்.

"காலிக் கூடைய ஏலம் போடக் கூடாது. நாளைக்குக் கடலு காலியா அனுப்பிடும்."

மற்றவர்களும் ஆமாம் என்றார்கள். மீன் எல்லாம் போய்விட்டது. ஒரு மத்தி கூட மிச்சமில்லை. என்ன செய்வது என்று நிற்கும்போது அஞ்சலை சொன்னாள்: "கூடைக்குப் பதிலா மெக்கானிக்கர ஒக்கார வையுங்கடி. அவர ஏலம் போடுவோம்."

அப்படித்தான் நான் மணலில் உட்கார்ந்தேன். எனக்கும் வசதிதான். மீட்டரை மடியில் வைத்துக்கொண்டு பலகைக்குப் பக்கத்திலேயே இருக்கலாம். டிஜிட்டல் மீட்டரை நான் கொண்டு போகவில்லை. அது எண்ணி முடிப்பதற்குள் காரியம் நடந்து முடிந்துவிடும். முள் மீட்டர் அப்படி இல்லை, குனியும்போதே காட்டிக் கொடுக்கும். மாஸ்டர் கடையை மூடியபோது எனக்குக் கொடுத்தது. பலகையில் கரண்ட் நுழைகிற இடத்தில் இரண்டு முனையையும் பிடித்தேன். முள் ஐந்து வோல்ட்டில் நின்றது. வேலாயுதத்திடம் சத்தத்தை முழுக்க வைக்கச் சொன்னேன்.

"வயசான சரக்கு. அம்பது" என்று ஒருத்தி ஆரம்பித்தாள்.

"மூக்குக் கண்ணாடியோடயா, இல்லாமயா?" என்றாள் இன்னொருத்தி.

வேலாயுதத்தின் விரல் தட்ட, அவருடைய பழைய குரல் அம்பது என்றது, நூறு என்றது. பெண்கள் உற்சாகமாகி ஏற்றினார்கள். முந்நூறில் நின்றது. ஒரு தரம். முள் லேசாகக் குனிந்து நிமிர்ந்தது. ரெண்டு தரம். நாலே முக்காலுக்கு வந்தது. மூ என்றதும் நாலரைக்கும் கீழே விழுந்தது, பெட்டி அணைந்தது. டப்பாவுக்குள் கையை மறைப்பாக வைத்துப் பார்த்தேன். சிவப்பு விளக்கும் போயிருந்தது. கரை வெயிலில் இத்தனை நாளும் அதை யாரும் பார்க்க முடிந்திருக்காது.

இன்னொரு தரம் வேண்டும் என்றேன். இந்த முறை மீட்டரை வயரின் மறுமுனையில், பவர் பேங்க் பக்கம் பிடித்தேன். ஏலம் நூற்றிருபதுக்கு மேல் போகவில்லை.

"என்னாடி, எறங்கிப் போச்சு?"

"ஒருதரம் நின்னுபோன சரக்குதானே. அப்புறம் வெல எங்க ஏறும்?"

மூணாவது தரத்தில் பெட்டி மறுபடி செத்தது. ஆனால் பவர் பேங்க் பக்கம் முள் தலையை மட்டும்தான் ஆட்டியது. பேங்க் கொடுக்கிறது, பலகைக்கு வந்து சேரவில்லை. நடுவில் அந்த இரண்டு மீட்டர் போன் வயர் தின்றுவிடுகிறது. எனக்குப் போதும்.

பையிலிருந்து ஒரு சாண் நீளத் தடித்த வயரை எடுத்துப் பலகைக்குக் கோத்தேன். பவர் பேங்க்கை இடுப்பிலிருந்து எடுத்து டப்பாவுக்குள்ளேயே வைத்தேன். ஸ்பீக்கருக்குத் தனிச் சாப்பாடு வேண்டும். அஞ்சலை தன் சுருக்குப் பையிலிருந்து மகன் வாங்கிக் கொடுத்த பவர் பேங்க்கை எடுத்து நீட்டினாள். அந்தப் போன் வயரையே பாதியில் வெட்டி, பல்லால் உரித்து, ஆம்பிளிபயருக்குப் போகும் கரண்ட் வயரைப் பலகையிலிருந்து பிரித்து இதில் முறுக்கினேன். இரண்டு பேங்க்கின் நெகட்டிவையும் ஒன்றாகச் சேர்த்தேன். சேர்க்காவிட்டால் பேச்சுக்குப் பதில் இரைச்சல்தான் வரும். டேப் சுற்றினேன். மீட்டரை மறுபடி பலகையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

மூன்றாவது ஏலம். அதற்குள் பெண்களுக்குப் பசி வந்துவிட்டது. அஞ்சலை இருபது என்றாள். யாரோ முப்பது என்றார்கள். அஞ்சலை நாற்பது என்றாள். அதற்கு மேல் யாரும் வாய் திறக்கவில்லை.

ஒரு தரம். ரெண்டு தரம். மூணு தரம். அந்த மூணு கரையின் கடைசி வரை போய், கவிழ்த்து வைத்திருந்த படகுகளில் பட்டுத் திரும்பி வந்தது. முள் ஐந்தை விட்டு ஒரு நூல் நகர்ந்து திரும்பி நின்றது.

ஆக, நாற்பது ரூபாய். ஐம்பது என்று சொல்கிறவர்கள் இனித் திருத்திக்கொள்ளவும். வீடியோ எடுத்தவள் அஞ்சலைக்குப் பக்கத்தில் நின்றவள்தான். அஞ்சலை இன்றைக்கும் எங்கள் தெருவில் கூடையை இறக்கும்போது, "நான் வாங்கிப் போட்ட சரக்கு எப்படி இருக்கு?" என்று என் மனைவியிடம் விசாரித்துவிட்டுத்தான் மீன் எடுத்துக் கொடுக்கிறாள்.

அன்று மத்தியானம் வீட்டுக்கு வந்து முறுக்கிய இடத்தையெல்லாம் ஒழுங்காக ஈயம் வைத்தேன். உப்புக் காற்றுக்கு மேலே பசை பூசினேன். ஸ்பீக்கருக்குத் தனிப் பவர் பேங்க் வாங்கி வைத்து, அஞ்சலையுடையதைத் திருப்பிக் கொடுத்தேன். கலையரசிக்கு முள் மீட்டரைப் போனில் காட்டி ஒவ்வொரு எண்ணாகச் சொன்னேன். அவள் தன் நோட்டில் எழுதிக்கொண்டாள். "அடுத்த தடவ வரப்ப நல்ல ஸ்பீக்கரா வாங்கியாறேன் மாமா" என்றாள். ஸ்பீக்கர் நல்லதுதான், அதற்கு வயிறு பெரிது, அவ்வளவுதான் என்றேன்.

வெள்ளிக்கிழமை காலை தலைவர் வந்து வேலாயுதத்துக்கு எதிரே நின்றார். ஏலத்துக்கு மாற்று ஆளாகப் பேசி வைத்திருந்தவரும் ஓரமாக வந்து நின்றிருந்தார். வியாபாரிகள் எல்லோருக்கும் விஷயம் தெரியும். நான் கூட்டத்துக்குள் போகவில்லை. நீளமான இரண்டு வயரை டப்பாவிலிருந்து இழுத்து, வேலாயுதத்தின் முதுகுக்குப் பின்னால் மீட்டரோடு நின்றுகொண்டேன்.

முதல் கூடை வஞ்சிரம். முதல் வாரத்தில் சண்டை போட்ட அதே இரண்டு வியாபாரிகள் இந்தப் பக்கம் ஒருவரும் அந்தப் பக்கம் ஒருவருமாக நின்றார்கள். விலை ஏறியது. ஒருவர் தலையை அசைத்து விலகினார். வேலாயுதத்தின் கட்டைவிரல் பட்டனில் இருந்தது.

ஒரு தரம். எல்லோரும் டப்பாவைப் பார்த்தார்கள்.

ரெண்டு தரம். தலைவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

மூணு தரம்.

கேட்டவர் குனிந்து கூடையின் காதைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். வேலாயுதம் அடுத்த கூடையைக் காலால் முன்னே தள்ளினார். நெத்திலி. விலை கேட்கும் சத்தம் எழும்பியது. அந்தக் கூடைக்கும் மூணாவது தரம் வந்தது, அடுத்ததற்கும் வந்தது. நாலாவது கூடைக்கு மூணாவது தரம் சொன்னபோது டப்பாவை யாரும் பார்க்கவில்லை. எல்லோருடைய கண்ணும் மீனில் இருந்தது.

நான் மீட்டரைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு டீ குடிக்கப் போனேன்.